தடுப்பூசிக்குப் போட்ட பந்தல்

எங்கள் ஆய்வு நிலையத்தில் இப்போது எல்லாமே டேப்லெட்டில் நடக்கிறது. பெற்றோர் ஒப்புதல் கூட, திரையில் விரலால் கிறுக்கினால் முடிந்தது. போன மாதம் புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க முசரவாக்கத்துல சடங்குப் பந்தல்ல வச்சு ஊசி போட்டீங்களாமே, நெஜமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வேலையில் இருந்த காலத்தில் நான் எழுதிய அறிக்கைகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அதில் ஒரு வரியைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பந்தலை மட்டும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு யானை வந்ததாகக்கூட ஒருவன் சொன்னானாம். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது புள்ளியியல். வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து வருடம் யானைக்கால் நோய்க்காகக் கொசு எண்ணினேன். கொசுவுக்கு வெட்கம் கிடையாது, அதனால் வேலை சுலபமாக இருந்தது. அதன் பிறகு என்னைப் புற்றுநோய்த் தடுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அது உடம்பில் சேருவதற்கு முன்பே, பதினைந்து வயது நிறைவதற்குள் பெண் பிள்ளைகளுக்கு முதல் ஊசியைப் போட்டு, ஆறு மாதம் கழித்து இரண்டாவதையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இவ்வளவு நல்ல ஊசியை ஏன் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்தால் போட்டுக்கொள்வார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வு. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், வயதுக்கு வராத பெண்ணைப் பெற்ற அம்மாக்களிடம் நரைத்த மீசையுடன் கருப்பை பற்றிப் பேச வேண்டிய நிலை எனக்கு. என் மனைவி சொன்னாள்: "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை பேசினது இல்ல. ஊர்ல போய் நோட்டீஸ் கொடுக்கறீங்க."

எங்கள் தலைமை ஆய்வாளர் டாக்டர் வசந்தா. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் கட்டியிருப்பார். முகாமுக்கு வந்ததும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். ஊசி மருந்து வரும் ஐஸ் பெட்டியைத் திறந்து, வெப்பமானியை எடுத்து, "நாலு டிகிரி" என்று சத்தமாகச் சொல்லி, அதை எழுதவைத்த பிறகுதான் வணக்கம் சொல்வார். யாரையும் திட்டியதில்லை. தப்பு நடந்தால் "எழுதிக் கொடுங்க" என்பார், அவ்வளவுதான். நடந்ததை நம் கைப்பட, உரிச்சொல் இல்லாமல் எழுத வேண்டும். 'மிகவும் வருந்துகிறேன்' என்று ஒரு முறை எழுதினேன். 'மிகவும்' என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, 'எவ்வளவு?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இரண்டு திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

முசரவாக்கத்தில் எங்கள் பட்டியலில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி தர்ஷினி. பத்தாம் வகுப்பு. அம்மா மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார், இதே நோயில். அப்பா ஏழுமலை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுபவர். அந்த வீட்டுக்கு நான் நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் டீ கொடுத்து, நான் சொல்வதை எல்லாம் கேட்டு, "நல்லதுதான் சார், கண்டிப்பா போடணும்" என்பார். ஒப்புதல் படிவத்தையும் பேனாவையும் நீட்டியதும் அவருக்கு வேன் கழுவ வேண்டியது நினைவுக்கு வந்துவிடும். நான்காவது முறை நான் பொறுமை இழந்து, வேன் எவ்வளவு கழுவினாலும் பஸ் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஈரத் துணியைக் கீழே வைத்தார். "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க சார். என் பொண்டாட்டி ஆபரேசனுக்கு நான்தான் கையெழுத்து போட்டேன். ஒம்பதாம் நாள் போயிட்டா. 'என்னை ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்து போட்டு என் தங்கச்சிய சாவடிச்சிட்டியே'ன்னு அவங்க அண்ணன் சாவு வூட்ல எல்லார் முன்னாடியும் சொன்னார். அதுலேர்ந்து நான் எதுலயும் போடறது இல்ல. பொண்ணு மார்க் அட்டையில கூட பக்கத்து வூட்டு அக்காதான் போடுது."

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் பெண்ணின் பிறந்த தேதி என் நோட்டில் இருந்தது. முதல் ஊசிக்கான கடைசி முகாம் ஞாயிற்றுக்கிழமை, அதற்கு அடுத்த வியாழக்கிழமை அவளுக்குப் பதினைந்து நிறைகிறது. அதன் பிறகு எங்கள் ஆய்வில் அவளுக்கு இடமில்லை. வெளியே தனியார் மருத்துவமனையில் போட வேண்டும், அதுவும் மூன்று ஊசி. அங்கேயும் முதலில் ஒரு படிவத்தைத்தான் நீட்டுவார்கள். பட்டியலில் யார் விட்டுப்போனாலும் இந்தப் பெண் விட்டுப்போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

எங்கள் கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி, 'குடும்பத்தில் முக்கிய முடிவுகளை யார் எடுப்பார்?' என்பது. நான் கேட்டபோது ஏழுமலை யோசிக்கவே இல்லை. "எங்க மச்சான் சேகர். வாலாஜாபாத்."

"சாவு வீட்டுல உங்க மேல பழி போட்டாரே, அவரா? அவர்கூடப் பேசறீங்களா?"

"பேசறது இல்ல சார். அதுக்காக அவர் பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லன்னு ஆயிடுமா?"

விலாசம் வாங்கி எழுதிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக் குழு ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தது. முகாம் அறிவிப்பு அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருப்பதால்தான் யாரும் வருவதில்லையாம். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் தனியாக, மரியாதையான அழைப்பிதழ் அடிக்க வேண்டும். படித்தவுடன் பயப்படாதபடி நோயின் பெயர் சின்ன எழுத்தில், கீழே வர வேண்டும். வாசகத்துக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது. அச்சடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த அச்சகத்தில் கொடுத்தேன். அவர் வாசகத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுத்துப்பிழை இல்லை. 'சரி' என்று பதில் போட்டேன். நான் செய்த தப்பு இவ்வளவுதான், இது போதுமானதாக இருந்தது.

கட்டு வந்ததும் பிரித்தேன். மஞ்சள் அட்டை. மேலே ஒரு கும்பம், இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். நடுவில் கொட்டை எழுத்தில் 'செல்வி தர்ஷினி'. கீழே நாள், நேரம், 'உற்றார் உறவினருடன் வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்'. அட்டையின் அடியில், வழக்கமாக வீட்டுக் குழந்தைகளின் பெயர்களைப் போடும் இடத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி 'கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி முகாம்'.

அச்சகத்துக்கு ஓடினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொண்ணு பேர்ல கார்டுன்னா இந்த ஊர்ல அது ஒண்ணுதானே சார்? காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு நான்தான் கும்பம் போட்டேன். அதுக்கு எக்ஸ்ட்ரா எதுவும் வேணாம்."

மறுபடி அடிக்க நாள் இல்லை. வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்து, இது சடங்குக் கார்டு இல்லை அம்மா, ஊசிக் கார்டு என்று விளக்கினேன். சில அம்மாக்கள் முறைத்தார்கள். ஒருத்தர், "எங்க பொண்ணு சமாச்சாரம் எங்களுக்கு முன்னாடி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். எல்லா வீட்டையும் சமாளித்துவிட்டேன். கட்டைப் பிரிப்பதற்கு முன்பே, முதல் மாதிரியாக வந்த தர்ஷினியின் அழைப்பிதழ் ஒன்றை, உறையைத் திறந்துகூடப் பார்க்காமல், பதினேழாவது கேள்வியை நம்பி வாலாஜாபாத்துக்குத் தபாலில் போட்டிருந்தேன். அதை மட்டும் அடியோடு மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏழுமலை போன் செய்தார். "சார், உடனே வாங்க. என் மச்சான் பந்தல் போட்டுக்கினு இருக்கார்."

சேகருக்கு வாலாஜாபாத்தில் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் விடியற்காலையிலேயே ஒரு மினி லாரியில் வந்து இறங்கியிருக்கிறார். ஏழுமலை முதல் ஷிப்டு ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தெருவை அடைத்துப் பந்தல் நின்றது. வாசலில் இரண்டு வாழைமரம், சீரியல் லைட்டு, நூறு நாற்காலி. லாரியில் மேலும் ஐம்பது. சேகரின் மனைவி பதினொரு தாம்பாளத்தில் பழம், பூ, வளையல், பட்டுப்பாவாடை எல்லாம் பரப்பி, ஒரு பெரிய பாத்திரத்தில் கேசரியும் கொண்டுவந்திருந்தார். இதற்கெல்லாம் மேலாக ஒரு பேனர். தர்ஷினியின் பள்ளி அடையாள அட்டைப் படத்தை எங்கிருந்தோ பிடித்து, பத்தடிக்குப் பெரிதாக்கி, 'பூப்புனித நீராட்டு விழா' என்று அடித்து, ஓரத்தில் சேகர் கூலிங்கிளாஸோடு கைகூப்பிக்கொண்டிருந்தார்.

டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த தர்ஷினி பேனரை ஒரு முறை பார்த்திருக்கிறாள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டாள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

சேகர் என்னிடம் வந்தார். பெரிய உருவம். கையில் என் மஞ்சள் அட்டை. "இத அனுப்பினது நீங்கதானா சார்?"

"நான்தாங்க. ஆனா இது..."

"மூணு வருசமா பேச்சு வார்த்தை இல்ல. ஆனாலும் நேர்ல வந்து தாம்பூலம் வச்சு சொல்லணும். தபால்ல கார்டு போட்டிருக்கானேன்னு நெனச்சேன். சரி, அவன் மரியாதை அவன்கிட்ட. எனக்கு என் தங்கச்சி பொண்ணு. மானம் பாக்காம வந்துட்டேன். இங்க வந்து பாத்தா இவன் முழிக்கிறான், பொண்ணு கதவ சாத்திக்கினா. இன்னா நடக்குது?"

"கார்டுல கீழ பாருங்க" என்றேன்.

"கீழ இருக்கறத யார் சார் படிப்பாங்க? பேர், தேதி, டைம். அவ்ளோதான் கார்டு."

நான் அவரையும் ஏழுமலையையும் வீட்டின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போய் விளக்கினேன். பெண் இன்னும் வயதுக்கு வரவில்லை, இது தடுப்பூசி அழைப்பு, தப்பு முழுக்க என்னுடையது. சேகர் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். நூறு நாற்காலியையும் ஒவ்வொன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது. என்னை அடித்திருந்தால் கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வசந்தாவின் ஜீப் வந்து நின்றது. முகாம் நடக்க வேண்டிய பள்ளிக்கூடத்துச் சாவி வைத்திருந்தவர் கூரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். டாக்டர் இறங்கி, பந்தலையும் பேனரையும் கூலிங்கிளாஸையும் பார்த்தார். பெட்டியைத் திறந்து, "நாலு டிகிரி" என்றார். பிறகு என்னிடம் வந்து, "எழுதிக் கொடுங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிழல் நல்லா இருக்கு. முகாமை இங்கேயே வச்சுக்கலாம். அதையும் எழுதுங்க."

கேசரி விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. ஊசி போட வருபவர்களுக்கு ஆய்வுக் குழு தின்பண்டம் கொடுத்து ஆசை காட்டக் கூடாது, அது நெறிமுறை. பாத்திரத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் டாக்டர் போய் நின்றுகொண்டார். சேகரின் மனைவி கரண்டியும் கையுமாக, "சாப்பாடு போட்டா தப்பாம்மா? எந்த ஊர் சட்டம் இது?" என்று கேட்டார். டாக்டர் இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி யோசித்து, ஊசி போடுகிறவர், போடாதவர், வேடிக்கை பார்க்கிறவர் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் அது தூண்டுதல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். தனக்கும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். மைக் செட்டில் யாரோ அறிவிக்க, நான் மாதக்கணக்கில் நடையாய் நடந்தும் வராத பிள்ளைகள் அம்மாக்களோடு வரிசையில் வந்து நின்றார்கள்.

சேகர் மட்டும் அந்தப் பக்கச் சுவரோரமாகவே நின்றார். ஏழுமலை நான்கடி தள்ளி. நான் படிவத்தோடு மறுபடி போனேன்.

"இன்னா நோவுக்கு சார் இந்த ஊசி?" என்று சேகர் கேட்டார்.

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"என் தங்கச்சிக்கு வந்ததா?"

"ஆமாங்க."

பின்னால் வந்து நின்ற டாக்டரைப் பார்த்து, "இது போட்டிருந்தா அவ இருந்திருப்பாளா?" என்று கேட்டார்.

டாக்டர் எதையும் கூட்டிச் சொல்பவரில்லை. "அவங்க இந்தப் பொண்ணு வயசுல இருந்தப்ப போட்டிருந்தா பெரும்பாலும் வந்திருக்காது. ஆனா அப்ப நம்ம ஊர்ல இந்த ஊசியே கிடையாது. வந்த பிறகு, சீக்கிரம் பார்த்திருந்தா பிழைக்க வழி இருந்திருக்கும். ஆபரேஷன் செஞ்சது தப்பில்ல. லேட்டா செஞ்சதுதான்."

சேகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மூன்று வருடத்தில் முதல் முறையாக ஏழுமலையைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள. ரத்தம் படுதுன்னு அவ மொதல்ல என் வூட்டுக்காரிகிட்டதான் சொன்னா. ஆபரேசனுக்கு ஒரு வருசம் முன்னாடி. இவ என்கிட்ட சொன்னா. பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கு முகூர்த்த சீசன், அப்புறம் பாக்கலாம்னு வுட்டுட்டேன். லேட் பண்ணது நான். பழியத் தூக்கி உன் கையெழுத்து மேல போட்டேன்."

ஏழுமலை அந்த நான்கடியைக் கடந்து வந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். "மூணு வருசம் மச்சான்" என்றார். "மூணு வருசம் பேனாவத் தொடல நான்."

"தெரியும்டா. இப்ப போடு. எனக்காகக் கேக்கல. போடு."

ஏழுமலை என் பேனாவை வாங்கினார். சுவரில் வைத்துப் போட்டதால் எழுத்து மேடும் பள்ளமுமாக இறங்கியது. சாட்சி என்ற இடத்தில் சேகர் போட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் படிவத்தை வாங்கிச் சரிபார்த்து, "தேதி போடல" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு, "பொண்ணு எங்க? அவ சம்மதம் வேணும்" என்றார். அப்போதுதான் எங்கள் மூன்று ஆண்களுக்கும் அப்படி ஒருத்தி இருப்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "மொதல்ல அந்த பேனர கழட்டுங்க."

சேகர் ஏணி போட்டு ஏறி, தன் கூலிங்கிளாஸ் படத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கதவு திறந்தது. தர்ஷினி டியூஷனுக்குப் போன சுடிதாரிலேயே வந்து டாக்டரின் எதிரில் உட்கார்ந்தாள். இது என்ன ஊசி, எதற்காக என்று டாக்டர் தொடங்கினார்.

"தெரியும் மேடம். அம்மா ஃபைல நான் ஏழாவது படிக்கறப்பவே படிச்சிட்டேன். வயித்துல கட்டின்னு எல்லாரும் என்கிட்ட சொல்லிக்கினு இருந்தாங்க. ஃபைல்ல கரெக்டா போட்டிருந்தது. எனக்கும் வருமான்னு கேக்கணும்னு இருந்துது." அவள் அப்பாவையும் மாமாவையும் பார்க்கவில்லை. "அப்பாகிட்ட கேட்டா அழுவாரு. மாமா வூட்டுக்கு வர்றதே இல்ல. யார்கிட்ட கேக்கறது?"

நான் நான்கு முறை அந்த வீட்டுக்குப் போய் டீ குடித்திருக்கிறேன். நான்கு முறையும் அந்தப் பெண்தான் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை எனக்கு. என் வேலைக்காலத்தில் நான் வெட்கப்பட்ட நாள் அதுதான், கும்பம் போட்ட அட்டைக்காக அல்ல.

டாக்டர் படிவத்தை மூடி வைத்துவிட்டு, வரிசையைக் காக்கவைத்து, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இந்த நோய் பரம்பரையாக வருவது அபூர்வம், இந்த ஊசியோடு பின்னாளில் பரிசோதனையும் செய்துகொண்டால் பயப்பட வேண்டியதில்லை என்றார். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள், தேதியோடு. இடது கையில் ஊசி போட்டோம். முகம் சுளிக்கவில்லை.

ஊசி போட்டபின் மயக்கம் வருகிறதா என்று அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும், அது விதி. நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காராமல், "அரை மணி நேரம் கூட ஆள் இருக்கணுமா சார்?" என்று கேட்டாள்.

"இருந்தா நல்லது."

"அப்ப அவங்க ரெண்டு பேரையும் வந்து உக்கார சொல்லுங்க."

அவள் நடுவில், இந்தப் பக்கம் ஏழுமலை, அந்தப் பக்கம் சேகர். முதலில் மூவரும் நேராகப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து சேகர் ஏதோ கேட்டார். ஏழுமலை பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு, அவர்கள் இருவரும் பேச இடம் விட்டாள்.

அரை மணி முடிந்தது. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த மூவரையும் பார்த்தார், அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். நேரம் முடிந்துவிட்டது என்று அவர்களிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.